பின்தொடை இறுக்கம்: தசைக்கு நீட்சி, நரம்புக்கு அசைவு

உழைக்கும் மக்களின் உடல்நலம் நாட்டின் முதன்மையான செல்வங்களுள் ஒன்றாகும். ஆயினும் தொற்றுநோய்களும் ஊட்டச்சத்துக் குறைவும் பெறும் கவனத்தை, உழைப்புத் திறனைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் தசை, எலும்பு, நரம்புக் கோளாறுகள் பெறுவதில்லை. இவை உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். உலகெங்கிலும் மனிதர்கள் இயலாமையோடு கழிக்கும் ஆண்டுகளுக்குத் தலையாய காரணமாக இருப்பது கீழ்முதுகு வலியே ஆகும். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் இவ்வலியால் துன்புற்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

கீழ்முதுகுடன் நெருங்கிய தொடர்புடைய பகுதி பின்தொடை. “குனிந்தால் தொடையின் பின்புறம் இழுக்கிறது” என்னும் முறையீட்டை வயலில் நாற்று நடும் பெண்ணும் சொல்கிறார். நாள் முழுதும் இருக்கையிலேயே இருக்கும் பேருந்து ஓட்டுநரும் அலுவலக எழுத்தரும் சொல்கின்றனர். ஓட்டப்பந்தயத்துக்குப் பயிலும் மாணவனும் சொல்கிறான். இவர்கள் யாவருக்கும் பெரும்பாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட்டுப் பழகுக என்பதே அது. சிலருக்கு இது நன்மை பயக்கிறது. வேறு சிலருக்கு வலியை மிகுதிப்படுத்தி, சில நாள் கூலியையும் இழக்கச் செய்கிறது. அந்த இழுப்பு தசையிலிருந்தும் வரலாம், தசையை ஒட்டி ஓடும் நரம்பிலிருந்தும் வரலாம் என்பதே இந்த வேறுபாட்டின் அடிப்படை. இரண்டையும் பிரித்தறிந்து ஒவ்வொன்றுக்கும் உரிய பயிற்சியைத் தேர்ந்துகொள்வது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

தசைகளின் அமைப்பு

விளையாட்டுத் துறையில் ‘ஹாம்ஸ்ட்ரிங்’ என்று வழங்கப்படும் பின்தொடைத் தசைகள் மூன்று. தொடையின் வெளிப்புறமாக இருப்பது இருதலைத் தொடைத்தசை. உட்புறமாக இருப்பவை அரைநாண் தசையும் அரைச்சவ்வுத் தசையும் ஆகும். நாம் உட்காரும்போது இருக்கையின் மேல் அழுந்தும் இடுப்பெலும்பு முனையிலிருந்து இவை புறப்படுகின்றன. இருதலைத் தசையின் குறுந்தலை மட்டும் தொடையெலும்பிலிருந்தே தொடங்குகிறது. முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்புகளின் மேற்பகுதியில் இவை முடிகின்றன. முழங்காலைச் சற்று மடக்கி அதன் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தால், இருபக்கமும் கயிறுபோல் தட்டுப்படுபவை இத்தசைகளின் நாண்களே.

இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்வது இத்தசைகளின் சிறப்பு. எனவே, இடுப்பு மடங்கி முழங்கால் நிமிர்ந்திருக்கும் நிலையில்தான் இவை முழுமையாக நீளுகின்றன. நம் நாட்டில் தரையில் குந்தி அமரும் வழக்கம் பரவலாக இருப்பதால் பின்தொடை தானே நெகிழ்ந்திருக்கும் என்று பலர் கருதுகின்றனர். குந்தி அமரும்போது இடுப்பு மடங்குவது உண்மைதான். ஆனால் முழங்காலும் உடன் மடங்கிவிடுகிறது. ஆகையால் பின்தொடைத் தசை அந்நிலையில் முழு நீளத்தை எட்டுவதில்லை. நாற்காலியில் அமர்வதற்கும் இது பொருந்தும். கால்களை நீட்டித் தரையில் அமரும்போது தசைக்குக் கிடைக்கும் நீட்சி இவ்விரு நிலைகளிலும் கிடைப்பதில்லை.

இத்தசைகளின் நெகிழ்வு குறைந்திருந்தால், குனியும்போது இடுப்பெலும்பு போதிய அளவு முன்சாய முடிவதில்லை. எஞ்சிய வளைவைக் கீழ்முதுகே ஈடுசெய்ய வேண்டியதாகிறது. சுமை தூக்குவோரும் அடிக்கடி குனிவோரும் பின்தொடை நெகிழ்வைப் பேணவேண்டும் எனக் கூறப்படுவது இதனாலேயே. எனினும், முதுகு வலிக்குக் காரணங்கள் பல. பின்தொடை இறுக்கம் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும் என்ற அளவில் இதைக் கொள்வதே பொருத்தமாகும்.

தசையை ஒட்டி ஓடும் நரம்பு

உடலிலேயே பருமனான நரம்பு, ‘சயாட்டிக்’ எனப்படும் பெருங்கால் நரம்பு. கீழ்முதுகின் 4, 5ஆம் நரம்பு வேர்களும், அதற்குக் கீழுள்ள திரிகப் பகுதியின் முதல் மூன்று நரம்பு வேர்களும் இணைந்து இந்நரம்பு உருவாகிறது. இது பிட்டத்தின் வழியாக இறங்கி, பின்தொடைத் தசைகளுக்கு இடையே சென்று, முழங்காலை நெருங்கும் இடத்தில் பொதுவாக இரு கிளைகளாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. பின்தொடைத் தசைகளை இயக்குவதும் இந்நரம்பின் கிளைகளே.

நரம்பு என்பது ஓரிடத்தில் அசைவின்றிக் கட்டப்பட்ட கம்பி போன்றதன்று. கால் அசையும்போதெல்லாம் சுற்றியுள்ள திசுக்களுக்கு இடையே அது சறுக்கிச் செல்கிறது. ஓரளவு நீளவும் செய்கிறது. ஆனால் நீட்சியைத் தாங்குவதில் தசைக்கு உள்ள வசதி நரம்புக்கு இல்லை. முயலின் கால் நரம்பில் லுண்ட்போர்க், ரிடெவிக் ஆகிய இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 1973இல் வெளியாயிற்று. நரம்பு தன் நீளத்தில் சுமார் 8 சதவீதம் நீட்டப்பட்டபோது அதனுள் இரத்த ஓட்டம் தடைப்படத் தொடங்கியது. சுமார் 15 சதவீதத்தில் அடியோடு நின்றது. நரம்பை இழுத்து வைத்து நெடுநேரம் நிறுத்துவது ஏன் நல்லதன்று என்பதை இதனால் உணரலாம்.

தண்டுவடமும் கால் நரம்பும் தொடர்ச்சியான ஒரே அமைப்பு. தலையைக் குனிந்தாலும், பாதத்தை மேல்நோக்கி மடக்கினாலும், அந்த அமைப்பின் ஒரு முனையில் இழுவிசை கூடுகிறது. ஆகவே முதுகிலுள்ள முள்ளெலும்பு இடைத்தட்டு பிதுங்கி நரம்பு வேரை உறுத்தினால், வலி முதுகிலேயே நின்றுவிடாமல் பின்தொடையிலும் கெண்டைக்காலிலும் பாதத்திலும் உணரப்படலாம். ‘சயாட்டிகா’ என்பது இதுவே.

இழுப்பு எதனுடையது?

மல்லாந்து படுத்தவரின் காலை முழங்கால் மடங்காமல் உயர்த்திப் பார்க்கும் சோதனை, மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவது. செர்பிய மருத்துவர் லாசரெவிச் 1880இல் இதனை விளக்கினார். அடுத்த ஆண்டு, பாரீசு நகர மருத்துவர் லாசேக்கின் மாணவரான ஃபோர்ஸ்ட் தம் ஆய்வேட்டில் இதனை எழுதி, ஆசிரியரின் பெயரால் நிலைபெறச் செய்தார். பெரும்பாலோருக்கு 70 முதல் 90 பாகை வரை கால் உயரும். ஏறத்தாழ 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில், முழங்காலுக்குக் கீழும் பரவும் வலி தோன்றுமாயின், நரம்பு வேர் உறுத்தப்படுகிறதோ என்று ஐயுற இடமுண்டு. தொடையின் பின்புறம் மட்டும் விறைப்பாக இழுப்பது பெரும்பாலும் தசை இறுக்கத்தைக் காட்டும்.

மற்றொரு சோதனையில், மல்லாந்து படுத்து இடுப்பை 90 பாகை மடக்கித் தொடையைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு முழங்காலை நிமிர்த்த வேண்டும். முழுமையாக நிமிர 20 பாகைக்கு மேல் குறைவு இருப்பின் பின்தொடைத் தசை இறுகியுள்ளது எனக் கொள்வது வழக்கம்.

தசையின் இழுப்பையும் நரம்பின் இழுப்பையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. முதுகைத் தளர்வாக வளைத்து முக்காலியில் அமர்ந்து, தலையைக் குனிந்த நிலையில் ஒரு முழங்காலை நிமிர்த்த வேண்டும். பின்தொடையில் இழுப்பு தோன்றும் இடத்தில் காலை அப்படியே நிறுத்தி, தலையை மட்டும் மெல்ல நிமிர்த்திப் பார்க்க வேண்டும். பின்தொடைத் தசைக்கும் கழுத்துக்கும் நேரடி இணைப்பு இல்லை. எனவே தலையை நிமிர்த்திய உடனே இழுப்பு குறைந்தால், அதில் நரம்பு அமைப்பின் பங்கு இருப்பதாகக் கொள்ளலாம். ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் மெய்ட்லண்ட் பரவச் செய்த ‘ஸ்லம்ப்’ சோதனையின் அடிப்படை இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நோயற்றவர்களுக்கும் இச்சோதனையில் ஓரளவு இழுப்பு தோன்றி, தலை நிமிர்ந்ததும் குறைவதுண்டு. இரு கால்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தாலோ, நாள்தோறும் துன்புறுத்தும் அதே வலி சோதனையில் மீண்டும் தோன்றினாலோதான் அதற்கு மருத்துவப் பொருள் உண்டு. முடிவு செய்ய வேண்டியவர் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரே.

தசை நீட்சிப் பயிற்சிகள்

இறுக்கம் தசையினுடையது எனத் தெரிந்தால், நீட்சிப் பயிற்சிகளே முதல் வழி. இவற்றை மூன்று வகையாகக் கூறலாம்.

முதலாவது நிலைநீட்சி. தசையை மெல்ல நீட்டி, வலியில்லாத இழுப்பு தோன்றும் இடத்தில் சிறிது நேரம் நிறுத்துவது. எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற வினாவுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் பாண்டி, இரியோன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடையளித்தது. பின்தொடை இறுக்கமுள்ள 57 பேரைப் பிரித்து, 15, 30, 60 வினாடி எனத் தனித்தனிக் குழுவாக, வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் பயிற்சி அளித்தனர். ஒரு குழுவுக்குப் பயிற்சி தரவில்லை. 30 வினாடி நீட்டியவர்கள் 15 வினாடி நீட்டியவர்களைவிடக் கூடுதல் பயன் பெற்றனர். 60 வினாடி நீட்டியவர்களோ 30 வினாடிக்காரர்களைவிட மிகுதியாக ஒன்றும் பெறவில்லை. 1997இல் இவர்கள் வெளியிட்ட தொடர் ஆய்வில், நாளுக்கு ஒருமுறை 30 வினாடி நீட்டுவதே மும்முறை நீட்டுவதற்கு ஈடான பயன் தந்தது. வேலைப்பளு மிக்கவர்களுக்கு இது நற்செய்தியே.

இதனைச் செய்யும் முறை எளிது. மல்லாந்து படுத்து, ஒரு துண்டைக் கெண்டைக்காலுக்குப் பின்னால் கொடுத்து இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, முழங்காலை நிமிர்த்தியவாறு காலை உயர்த்த வேண்டும். மற்றக் கால் தரையில் நீண்டிருக்கலாம். பலர் துண்டை உள்ளங்காலில் மாட்டி இழுக்கின்றனர். அவ்வாறு இழுத்தால் பாதம் மேல்நோக்கி மடங்கி, கெண்டைத்தசையும் நரம்பும் முதலில் இறுகிவிடும். பின்தொடைத் தசைக்கு உரிய நீட்சி கிட்டாது. பாதம் தளர்ந்திருப்பதே முறை. துண்டும் இல்லாதவர்கள் கதவு நிலையருகே படுத்து, ஒரு காலை வாயிலுக்கு வெளியே நீட்டி, மற்றக் காலைச் சுவரில் சாய்த்து வைக்கலாம்.

நின்றவாறு செய்வதாயின், குதிகாலைத் தாழ்வான படியின் மேல் வைத்து, முதுகை நேராகக் கொண்டு இடுப்பிலிருந்து முன்சாய வேண்டும். முதுகைக் கூனலாக வளைத்தால் கை கீழே எட்டுமே தவிர, நீட்சி பின்தொடைக்குச் செல்லாமல் முதுகிலேயே தங்கிவிடும்.

இரண்டாவது, சுருக்கித் தளர்த்தி நீட்டும் முறை. அமெரிக்காவில் 1940களில் மருத்துவர் காபாட்டும், பின்னர் அவருடன் இணைந்த இயன்முறை மருத்துவர்கள் நாட், வாஸ் ஆகியோரும் முடக்க நோயாளிகளுக்காக உருவாக்கிய பயிற்சி முறையிலிருந்து இது பிறந்தது. காலை இழுப்பு தோன்றும் வரை உயர்த்தி, துணையாளரின் தோளையோ துண்டையோ 3 முதல் 6 வினாடி வரை மிதமான விசையுடன் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். பிறகு தளர்த்தி, புதிதாகக் கிடைத்த எல்லை வரை காலை உயர்த்தி 10 முதல் 30 வினாடி நிறுத்த வேண்டும். உடனடிப் பயன் இதில் நன்கு தெரியும்.

மூன்றாவது, இயங்குநீட்சி. காலை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல் போன்றவை இதில் அடங்கும். ஓட்டம், தாவல் ஆகியவற்றுக்குச் சற்று முன்னர் இதுவே ஏற்றது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நிலைநீட்சியில் வைத்துவிட்டு உடனே ஓடினால், தசையின் விசை சிறிது குறையக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

நீட்டினால் தசை நீளுமா?

ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் ஒருவரின் கால் முன்னைவிட உயரமாக எழும்புகிறது. தசை நீண்டுவிட்டது என்பதே பொதுவான விளக்கம். ஆனால் நீட்சியின்போது தசை காட்டும் எதிர்விசையை அளந்து பார்த்த ஆய்வுகள் வேறொன்றைக் கூறின. சில வாரப் பயிற்சிக்குப் பின்னும், ஒரே கோணத்தில் அளந்தால் தசையின் எதிர்விசை பெரும்பாலும் முன்போலவே இருந்தது. மாறியது அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் அளவே. 2010இல் வெப்ளர், மக்னுசன் ஆகியோர் இவ்வாய்வுகளைத் தொகுத்து, சில வாரப் பயிற்சியால் கிட்டும் நெகிழ்வில் பெரும்பங்கு உணர்வின் மாற்றமே என விளக்கினர்.

இக்கருத்து நீட்சிப் பயிற்சியின் பயனைக் குறைப்பதன்று, அணுகுமுறையைத் திருத்துவது. ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று எல்லை வகுப்பது நரம்பு மண்டலமே எனில், வலியைப் பொறுத்துக்கொண்டு முரட்டுத்தனமாக இழுப்பதில் பொருளில்லை. மென்மையாக, அச்சமின்றி, நாள்தோறும் பழகுவதே அந்த எல்லையை விரிக்கும். நரம்பு அசைவுப் பயிற்சியின் மீது ஆய்வாளர்களின் பார்வை திரும்பியதற்கும் இதில் இடமுண்டு.

நரம்பு அசைவுப் பயிற்சி

நரம்பைத் தளர்வாகச் சறுக்கவிடும் பயிற்சிகளை ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்கள் முறைப்படுத்தினர். டேவிட் பட்லர் 1991இல் வெளியிட்ட நூலும், மைக்கேல் ஷாக்லாக் 1995இல் எழுதிய கட்டுரையும் இத்துறையின் மைல்கற்கள். இப்பயிற்சிகளில் இரு வகை உண்டு.

சறுக்கும் முறையில், நரம்பின் ஒரு முனை இழுபடும் அதே வேளையில் மறுமுனை தளர்த்தப்படுகிறது. அதனால் இழுவிசை அதிகம் கூடாமலே நரம்பு கணிசமான தொலைவு நகர்கிறது. இழுவிசை முறையில் இரு முனைகளும் ஒருசேர இழுக்கப்படுகின்றன. நகர்வு குறைவு, விசை அதிகம். எனவே வலியுள்ளவர்களுக்கும் தொடக்க நிலையினருக்கும் சறுக்கும் முறையே உரியது.

அமர்ந்து செய்யும் முறை வருமாறு: முக்காலியின் விளிம்பில் அமர்ந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முழங்காலை மெல்ல நிமிர்த்தும்போதே தலையை உயர்த்தி மேலே நோக்க வேண்டும். முழங்காலை மடக்கும்போதே தாடையை மார்பை நோக்கித் தாழ்த்த வேண்டும். காலும் தலையும் ஊஞ்சல்போல் இசைந்து இயங்குவதே இதன் உயிர்நிலை. எங்கும் நிறுத்திவைக்கத் தேவையில்லை. காலும் தலையும் மாறிப்போய், முழங்கால் நிமிரும்போது தலையும் குனிந்தால் அது இழுவிசை முறையாகிவிடும். பயிற்றுவோர் முதல் சில முறை அருகிலிருந்து பார்க்க வேண்டியது இதனாலேயே.

படுத்துச் செய்யும் முறையில், மல்லாந்து படுத்துத் தொடையைச் செங்குத்தாக இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டியவாறு முழங்காலை நிமிர்த்த வேண்டும். முழங்காலை மடக்கும்போது பாதத்தை மேல்நோக்கி மடக்க வேண்டும். பத்து முறை வீதம் இரண்டு அல்லது மூன்று சுற்று போதுமானது. லேசான இழுப்பு தோன்றலாம். ஆனால் பயிற்சி முடிந்தவுடன் அது மறைய வேண்டும். மரமரப்போ எரிச்சலோ நீடித்தால் அசைவின் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும்.

இப்பயிற்சியின் பயன் குறித்த ஆய்வுகள் ஊக்கம் தருவனவாக உள்ளன. பின்தொடை இறுக்கமுள்ள 120 பேரைக் கொண்டு ஸ்பெயின் ஆய்வாளர்கள் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், தசை நீட்சி பெற்றோரும் நரம்புச் சறுக்கல் பயிற்சி பெற்றோரும் காலை முன்னைவிட உயர்த்தினர். பின்னவரின் முன்னேற்றம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் அது உடனடி விளைவை மட்டுமே அளந்த ஆய்வு. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. நரம்பு தொடர்பான முதுகு வலிக்கும் கால் வலிக்கும் இப்பயிற்சி பயனளிக்கிறது என 2017இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகிறது. நரம்புப் பயிற்சி தசை நீட்சிக்கு மாற்று என்று கருதாமல், தேவையறிந்து சேர்க்க வேண்டிய துணை என்று கொள்வதே சரியாகும்.

தொழிலுக்கேற்ற தேர்வு

நாற்று நடும் பெண்ணின் நிலையை நோக்குவோம். முழங்கால் ஏறக்குறைய நிமிர்ந்து, இடுப்பு மடங்கி, முதுகு வளைந்த நிலையில் அவர் மணிக்கணக்கில் நிற்கிறார். பின்தொடைத் தசை நாள் முழுதும் நீண்ட நிலையிலேயே இருக்கிறது. தலையும் குனிந்தே இருப்பதால் நரம்பு அமைப்பும் தளர்வதில்லை. மாலையில் அவருக்குத் தோன்றும் இழுப்புக்கு மேலும் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியைத் தருவது, பகல் முழுதும் செய்ததையே மாலையிலும் செய்யச் சொல்வதாகும். அவருக்கு வேண்டியது வேறு. வரிசைக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்சாய்வது, வரப்பில் அமர்ந்து நரம்புச் சறுக்கல் பயிற்சியைப் பத்து முறை செய்வது, பிட்டத் தசைகளுக்கும் முதுகுக்கும் வலுவூட்டுவது ஆகியவையே ஏற்றவை. நடவு இயந்திரமும் நேரடி விதைப்புக் கருவியும் இக்குனிவைக் குறைக்க வல்லவை. வேளாண் கருவிகளைப் பரப்புவதன் பயனைக் கணக்கிடும்போது இந்த உடல்நலப் பயனும் சேர்க்கப்பட வேண்டும்.

ஓட்டுநர், எழுத்தர், தையற்காரர் ஆகியோரின் நிலை நேர்மாறானது. இவர்களது முழங்காலும் இடுப்பும் நாள் முழுதும் மடங்கியிருக்கின்றன. நாளொன்றுக்கு ஒரு காலுக்கு 30 வினாடி நீட்சியும், ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் இவர்களுக்கு ஏற்ற தொடக்கமாகும்.

விளையாட்டு வீரருக்கு நெகிழ்வு மட்டும் போதாது. விரைந்தோடும்போது, கால் முன்வீசப்படும் இறுதிக் கட்டத்தில், பின்தொடைத் தசை நீண்டுகொண்டே விசை செலுத்த வேண்டியுள்ளது. தசைக் கிழிவு பலமுறை அங்குதான் நிகழ்கிறது. மண்டியிட்டவரின் கணுக்கால்களைத் தோழர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல முன்னோக்கிச் சாயும் ‘நார்டிக்’ பயிற்சி இதற்கென அமைந்தது. இதனைப் பயிற்சித் திட்டத்தில் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என 2019இல் வெளியான தொகுப்பாய்வு தெரிவிக்கிறது. நீட்சிப் பயிற்சி மட்டுமே காயத்தைத் தடுத்துவிடும் என்பதற்கு இத்தகைய உறுதியான சான்று இல்லை.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

சில அறிகுறிகள் தோன்றினால் எல்லாப் பயிற்சிகளையும் நிறுத்திவிட வேண்டும். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைதல் அல்லது சிறுநீர் வராமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்விழப்பு, பாதம் தொங்கிப்போதல், நாளுக்கு நாள் மிகும் கால் பலவீனம் ஆகியவை தோன்றின், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை தண்டுவடத்தின் கீழ் நரம்புகள் நெருக்கப்படுவதைக் குறிக்கலாம்; காலம் தாழ்த்தினால் நிரந்தர முடக்கம் நேரக்கூடும்.

ஓடும்போது தொடையில் ‘பட்’டென்று ஏதோ அறுந்ததுபோல் தோன்றி, வீக்கமோ கன்றலோ ஏற்பட்டால் அது தசைக் கிழிவாக இருக்கலாம். அதனை உடனே நீட்டுவதும் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பதும் தீங்கானவை. நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் நரம்புப் பயிற்சிகளைத் தாமாகத் தொடங்காமல் மருத்துவரின் மேற்பார்வையில் செய்வதே பாதுகாப்பானது.

பள்ளியும் நலவாழ்வு மையமும்

இப்பயிற்சிகளுக்கு வேண்டிய கருவிகள் ஒரு துண்டும், ஒரு முக்காலியும், ஒரு சுவருமே. தட்டுப்பாடு இருப்பது சரியான வழிகாட்டுதலுக்குத்தான். அதனை மக்களிடம் கொண்டுசெல்ல நம் நாட்டில் ஏற்கெனவே பல வாயில்கள் உள்ளன.

1955இல் மும்பையில் அகில இந்திய உடல்சார் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் தோன்றிய காலத்தில், இயன்முறை மருத்துவம் பெருநகரங்களுக்கே உரியதாக இருந்தது. 2010-11இல் தொடங்கிய முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைக்கு வழிவகுத்தது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம், இயன்முறை மருத்துவர்களின் கல்விக்கும் பதிவுக்கும் நாடு தழுவிய சட்ட அடிப்படையை அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது.

பள்ளிகளைப் பொறுத்தவரை, 2019 ஆகஸ்ட் 29இல் தொடங்கிய ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தின் உடல்தகுதிச் சோதனைகளில், கால் நீட்டி அமர்ந்து கையை முன்னே எட்டவைக்கும் சோதனையும் ஒன்று. வெல்ஸ், டில்லன் ஆகியோர் 1952இல் வகுத்த இச்சோதனை, பின்தொடை நெகிழ்வை ஓரளவுக்கே காட்டும். கை நீளமும் கால் நீளமும் முதுகின் வளைவும் அதன் முடிவை மாற்றக்கூடும். குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவனைப் பிறர் முன்னிலையில் முதுகை அழுத்திக் குனியவைக்கும் பழக்கம் எங்கேனும் இருப்பின் அது கைவிடப்பட வேண்டும். ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா நெறிமுறையில் இடம்பெற்றுள்ள பாதஹஸ்தாசனத்தை முதுகுத் தட்டுக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை அந்நெறிமுறையிலேயே உள்ளது. ஆசனத்தைக் கற்பிப்போர் எச்சரிக்கையையும் சேர்த்தே கற்பிப்பது கடமையாகும்.

கிராம அளவில் இயங்கும் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் மையங்களில் பணிபுரியும் சமுதாய நல அலுவலருக்கு இரு செய்திகளைத் தெளிவாகக் கற்பித்தால் போதும்: தசை இழுப்பையும் நரம்பு இழுப்பையும் பிரித்தறியும் எளிய சோதனை ஒன்று, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள் மற்றொன்று. எஞ்சியதை மாவட்ட இயன்முறை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நடவுப் பருவம் தொடங்குமுன் அரை மணி நேரம் ஒதுக்கி, ஊர்ப் பெண்களுக்கு இச்சிறு பயிற்சிகளைச் செய்துகாட்டுவது எந்த மையத்துக்கும் இயலாததன்று. குனிந்து நிமிர்வதையே வாழ்வாதாரமாகக் கொண்டவர், வலியின்றி நிமிர்வதற்கு அந்த அரை மணி நேரம் உதவும்.